வண்டியில் கையால் சுற்றிய மூச்சு

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அக்காவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அப்படி எழுத முடிந்ததே பெரிய கொடுப்பினை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெறும் சளிக் காய்ச்சல்தான் என்று உன் அக்கா பரீட்சைத் தாள் திருத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள், பிறகு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே வைரஸ் இரண்டு நுரையீரலையும் பிடித்துவிட்டது என்றார்கள். மூச்சுக்கு வைத்த மெஷினும் போதவில்லை. மாப்பிள்ளை சுவரோடு சுவராக நின்றுவிட்டார். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து செயற்கை நுரையீரலோடு ஆட்கள் வந்தார்கள். ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உடம்புக்குள் அனுப்புமாம். நோயை இது குணமாக்காது, உடம்பு தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதுவே போதும் என்றேன்.

அதைப் பொருத்தி ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், பின்னால் அவளும் மெஷினும் டாக்டரும் ஒரு நர்ஸும். பாதி வழியில் மெஷின் அலறியது, ரத்தத்தை ஓட்டும் மோட்டார் நின்றுவிட்டது. அந்த நர்ஸ் ஒரு கைப்பிடியைப் பொருத்திக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தாள். "நிறுத்தாம போங்கண்ணா, நான் சுத்திக்கிட்டே இருக்கேன்" என்று டிரைவரிடம் சொன்ன குரலில் பதற்றமே இல்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை, அது சுற்றும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வேறு மோட்டாருக்கு மாற்றும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

நுரையீரல் மெல்ல மெல்லத் தேறி, குழாய்களை எடுத்தார்கள். பேச்சு வந்ததும் அவள் முதலில் கேட்டது மிச்சத் தாளை யார் திருத்தினார்கள் என்றுதான், மாப்பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்துவிட்டது.

நேற்று அந்த நர்ஸைத் தேடிப் போனேன். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு நாள் கை வலிச்சுதும்மா, வேற ஒண்ணுமில்ல. உங்க பொண்ணு நடக்கிறாங்களா?" என்றாள். வந்து பாரம்மா என்று வார்டுக்குக் கூட்டிப்போனேன். வண்டியில் கையால் சுற்றியது இவர்தான் என்று நான் சொன்னதும் அக்கா கட்டிலைப் பிடித்து எழுந்தாள், பிறகு பிடியை விட்டுவிட்டு, தானாகவே நடந்து அவளிடம் போனாள்.

நீ அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா. காய்ச்சல் வந்தால் அதோடு வேலைக்குப் போகாதே, டாக்டரைப் பார். நல்ல ஆயுசோடு இரு கண்ணா. இதை முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் அக்கா தூங்கிவிட்டாள், சீராக மூச்சு விடுகிறாள்.

அன்புடன்,
அம்மா