கூடத்துக் கதவில் ஒட்டிய அறிவிப்பை அகற்றக் கோரி

அனுப்புநர்
தி. சாந்தாமணி,
(காலஞ்சென்ற திருமூர்த்தி அவர்களின் மனைவி)
கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
பிள்ளையார் கோயில் வீதி,
செங்காட்டுப்பாளையம், உடுமலை வழி.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
செங்காட்டுப்பாளையம்.

பொருள்: சமுதாயக் கூட மாடியில் ஞாயிறுதோறும் நடந்துவந்த சதுரங்க மன்றம் – ஆட்டத்தின்போது என் கணவர் இறந்தது – அதன் பேரில் கூடம் பூட்டப்பட்டது – கதவில் ஒட்டிய அறிவிப்பை அகற்றவும், கூடத்தைத் திறக்கவும், மாணவி கனிஷ்காவுக்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. என் கொழுந்தனார் திரு. பொங்கியண்ணன் தங்களிடம் அளித்த புகார், நாள் 15.10.2025.
2. தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். பார்வை ஒன்றில் கண்ட புகாரில் இரண்டாவதாக உள்ள கையெழுத்து என்னுடையதுதான். என் கணவரின் மூன்றாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கொழுந்தனார் தாளை நீட்டினார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க நங்கை, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்காமல் போட்டேன். அன்றைக்குப் பந்தல்காரர் ஒரு தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன். கொழுந்தனார் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்தவர், யார் மேலாவது கோபப்பட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் புகாரில் எழுதியிருப்பது உண்மையல்ல. அதைச் சொல்லவே இம்மனு.

2. தாங்கள் இவ்வூருக்கு மாறுதலாகி வந்து சில மாதங்களே ஆவதால் மன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சதுரங்க மன்றம் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. செஸ் கிளப் என்றால் கைகாட்டி அனுப்புவார்கள். ஞாயிறு காலையிலிருந்து பொழுது சாயும் வரை கூடத்தின் மாடியில் நடக்கும். கீழே காதுகுத்து இருந்தால் ஒலிபெருக்கியைப் பொறுத்துக்கொண்டு மேலே ஆடுவார்கள். காதுகுத்து வீட்டார் மேலே இருப்பவர்களையும் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். போட்டி வைக்கும் ஞாயிறு என்றால் காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் மேலே ஆட, தாய்மார்கள் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அப்படிப் பேசியதில் கல்யாணமே முடிவாகியிருக்கிறது. மில் முதலாளி ஒருவரும் அவருடைய லாரியை ஓட்டுகிறவரும் எதிரெதிரே உட்காருவார்கள். ஓட்டுநர் ஜெயித்தால் முதலாளி அடுத்த ஞாயிறு வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்று என் கணவர் எத்தனையோ முறை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை.

3. என் கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். தோட்டத்துக்காரர்கள் கரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டு என்ன சத்தம் போட்டாலும் சிரித்துக்கொண்டே வேலை பார்ப்பார். செஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு முஷ்டிகளிலும் கன்னத்தைத் தாங்கி, கண்களை மூடிக்கொள்வார். அப்படியே அசையாமல் அரை மணி நேரம்கூட இருப்பார். "அண்ணன் தவத்துல இருக்காருங்க, வரம் வாங்கீட்டுத்தான் எந்திரிப்பாரு" என்று கிளப்பில் கேலி செய்வார்கள். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, பக்கத்தில் நின்று செருமக்கூடக் கூடாது. யோசிக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் பொதுவான விதிதான். அவர் அதைச் சண்டை போட்டுக் காப்பாற்றி வந்தார்.

4. புகாரில் 'எதிர் ஆட்டக்காரர்' எனக் குறிப்பிடப்படுபவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி கனிஷ்கா. அப்பா நூற்பாலையில் இரவு ஷிப்ட், அம்மா பனியன் கம்பெனியில் வேலை. கிளப்பில் என் கணவரைத் தோற்கடிக்கக் கூடிய சிலரில் அவளும் ஒருத்தி. அதனால் அவள் மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. போய்ச் சேர்ந்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பார்கள். இருந்ததைத்தான் எழுதுகிறேன்.

5. இனி எழுதப்போவது புகாரில் இல்லை. கொழுந்தனாருக்குத் தெரியாது. கடந்த ஆடிப்பெருக்கு ஞாயிறன்று நடந்த போட்டியில் என் கணவரும் கனிஷ்காவும் ஆடினார்கள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பயந்துபோய் நடுவர் திரு. மோகன்குமாரைக் கூப்பிட்டு, "சார், மாமா தூங்கீட்டாருங்களாட்ட இருக்குது, கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்றாள். என் கணவர் உடனே கண்ணைத் திறந்து சத்தம் போட்டார். யோசனையைக் கலைத்துவிட்டாள், ஆட்ட விதிப்படி தண்டனை கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நடுவர் வேறு வழியில்லாமல் அவளை எழுப்பி நிறுத்தி எச்சரித்து, இருவரின் நேரத்தையும் அளக்கும் கிளாக்கில் என் கணவருக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்தவர் என்னிடம், "அந்தப் புள்ள வாயக் கட்டிப்போட்டுட்டன் சாந்தா. இனி என்ர முன்னால மூச்சு உடாது" என்றார். நானும் சிரித்தேன். இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்பதால் இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

6. இனி 12.10.2025 அன்று நடந்தது, அங்கிருந்தவர்கள் என்னிடம் சொன்னபடி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்த சுற்றில் மறுபடி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கனிஷ்கா ஒரு காயை நகர்த்திக் கிளாக்கை அழுத்தினாள். என் கணவர் முஷ்டியில் கன்னத்தைத் தாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய நேரம் ஓடியது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள், அண்ணன் தவத்தில் இருக்கிறார் என்று தங்கள் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நடுவரும் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்து, சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பில்லாமல் நடந்து போயிருக்கிறார். கனிஷ்கா வாயைத் திறக்கவில்லை. ஆடி மாதம் வாங்கிய எச்சரிக்கை அவளுக்கு நினைவிருந்தது. கிளாக்கில் என் கணவரின் நேரம் முழுவதும் தீர்ந்து போயிற்று. அதற்கப்புறமும் அவர் அசையவில்லை. வேறு ஆட்டம் முடிந்து அவ்வழியே வந்த நடுவர் கிளாக்கைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தொட்டார். அப்போதுதான் தெரிந்தது.

7. எனக்குத் தகவல் வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மருத்துவரிடம், முன்னாலேயே கூப்பிட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க அம்மா. உக்காந்த உடனே போயிருக்கலாம், கொஞ்சம் கழிச்சும் போயிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. இன்றுவரை நான் அழவும் இல்லை. உறவினர்கள் இதை ஒரு குறையாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சங்கத்துக்குப் போகிறேன், உரக் கடன் மனுக்களைச் சரிபார்க்கிறேன், வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுகிறேன்.

8. புகாரில், தான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெண் நேரம் தீரட்டும் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் என எழுதப்பட்டுள்ளது. இது தவறு. நேரம் தீர்ந்தவுடன் கிளாக்கைக் காட்டி நடுவரிடம் சொல்லியிருந்தால் அந்த நொடியே அவள் ஜெயித்தவள். அவள் சொல்லவில்லை. ஏன் கண்ணு சொல்லவில்லை என்று நானே கேட்டேன். "அவராக் கண்ணத் தொறந்து பாத்துட்டுத் தோத்தேன்னு கை குடுக்கட்டும்னு இருந்தேனுங்க அத்தை. நாமளாச் சொன்னா அவருக்குக் கோவம் வருமுங்க" என்றாள். என் கணவரின் குணத்தை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் எங்கள் உறவிலேயே குறைவு. ஜெயித்த ஆட்டத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மரியாதைக்காகக் காத்திருந்த பெண்ணின் மேல் அலட்சியம் என்ற சொல்லைப் போட்டது அநியாயம், ஐயா. அதில் என் கையெழுத்தும் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

9. தங்கள் அலுவலகம் கூடத்தைப் பூட்டி, வீதியைப் பார்த்த கதவில், "எதிர் ஆட்டக்காரரின் அலட்சியத்தாலும் அமைப்பாளர்களின் கவனக்குறைவாலும் உயிரிழப்பு நேர்ந்ததாக வரப்பெற்ற புகாரின் பேரில், மறு உத்தரவு வரும் வரை இக்கூடம் மூடப்படுகிறது" என்று ஒட்டியது. அதில் பெயர் இல்லை என்பது சரிதான். ஆனால் எதிர் ஆட்டக்காரர் யார் என்று இந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். பள்ளிக்கூடப் பேருந்து அந்தக் கதவுக்கு எதிரில்தான் நிற்கிறது.

10. அதன் பிறகு நடந்தவற்றைக் கனிஷ்காவின் தாயார் சங்கத்துக்கே வந்து என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். வகுப்பில் சில பிள்ளைகள் அவளைப் பார்த்தால் கன்னத்தில் முஷ்டியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து காட்டுகிறார்களாம். தீபாவளிக்குப் பின் அவள் பள்ளிக்குப் போகவில்லை. செஸ் பலகையைப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும் அப்பாவைத் தட்டித் தட்டி எழுப்புகிறாளாம். பாவம் அந்த மனிதர், திட்டாமல் எழுந்து உட்கார்ந்து, "இருக்கறன் கண்ணு, இருக்கறன்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுக்கிறாராம்.

11. நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்று உறவில் தடுத்தார்கள், போனேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உன்ர மேல ஒரு தப்பும் இல்ல அம்மணி. உன்னய வாயத் தொறக்க வேண்டாம்னு பண்ணிவெச்சதே உங்க மாமாதான்" என்றேன். ஆடி மாதம் வீட்டில் நடந்த பேச்சையும் சொன்னேன். அவள், "நீங்க எனக்காகச் சொல்றீங்க அத்தை. கதவுல கவர்மெண்ட்டே ஒட்டியிருக்குதுங்களே" என்றாள். அங்கிருந்து நடந்து வந்து கதவில் ஒட்டியிருந்ததை முதல்முறையாக முழுதும் படித்தேன்.

12. எனவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வதாவது:

பார்வை ஒன்றில் உள்ள புகாரிலிருந்து என் கையெழுத்தை நான் திரும்பப் பெறுகிறேன். கொழுந்தனார் தம் புகாரைத் தொடர்ந்தால் அது அவர் உரிமை. விசாரணை வைத்தால் எந்த நாளும் வந்து இதே வாக்குமூலத்தைக் கொடுப்பேன். அவர் முன்னிலையிலேயே கொடுப்பேன்.

கதவில் உள்ள அறிவிப்பை அகற்றி, கூடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்துக்குத் திறந்துவிட வேண்டும். இப்போது அவர்கள் தேங்காய்க் களத்துக் கொட்டகையில் புழுக்கத்தில் ஆடுகிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. பொறுப்பானவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் திறக்க முடியும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னதாக மோகன்குமார் தெரிவித்தார். நான் எழுதிக் கொடுக்கிறேன். போட்டி நடக்கும் நேரம் முழுவதும் மாடியில் இருந்து, யாராவது வெகுநேரம் அசையாமல் இருந்தால் தொட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோபப்படுகிறவர்கள் என்மேல் கோபப்பட்டுக்கொள்ளட்டும், எனக்கு அது பழக்கம்தான்.

மூன்றாவதும் முக்கியமானதுமான வேண்டுகோள். அந்தப் பெண்ணின் பெயருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். இப்படி ஒரு கடிதம் அனுப்ப விதியில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. புகாரில் சொன்னதை விசாரிக்காமலே கதவில் ஒட்ட இடம் இருந்தது என்பதால் கேட்கிறேன். நான் எழுத்தர் என்பதால், தங்கள் சிரமத்தைக் குறைக்க வாசகத்தையும் எழுதியிருக்கிறேன்:

"செல்வி கனிஷ்கா அவர்களுக்கு. 12.10.2025 அன்று தாங்கள் ஆட்ட விதியை மதித்து அமைதியாக அமர்ந்திருந்தீர்கள். திரு. திருமூர்த்தி அவர்களின் மரணத்துக்குத் தாங்கள் காரணம் அல்ல என்று அவருடைய மனைவி எழுத்து மூலம் தெரிவித்துள்ளதை இவ்வலுவலகம் ஏற்றுக்கொள்கிறது."

இதில் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'காரணம் அல்ல' என்பது மட்டும் இருக்க வேண்டும். தபாலில் அனுப்பாமல் அலுவலக ஊழியர் ஒருவர் நேரில் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தால் நல்லது. தங்கள் கையெழுத்துக்குக் கீழே முத்திரை அழுத்தமாக விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன், ஐயா. நான் சொன்னால் அவள் நம்பவில்லை. முத்திரை இருந்தால் நம்புவாள்.

இடம்: செங்காட்டுப்பாளையம்
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) தி. சாந்தாமணி
இம்முறை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திட்டுள்ளேன்.