வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

ஜூலை 8
துறைத்தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். என் மானிடவியல் மாணவர்கள் வாரம் ஒருநாள் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, அதிலிருந்து பாடம் படிக்க வேண்டுமாம். சோறு பரிமாறினால் படிப்பு வந்துவிடுமா? பேர் அவருக்கு, பாடு எனக்கு.

ஜூலை 15
இல்லத்தின் காப்பாளர் அம்மா எடுத்த எடுப்பிலேயே, "போட்டோ எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேரைப் பாத்தாச்சு" என்றார். சரியான சிடுமூஞ்சி. கூடத்தில் நாற்காலிகள் ஒரே வரிசை, எல்லாம் வாசலைப் பார்த்து. யாரும் யாரோடும் பேசுவதில்லை. வட்டமாகப் போடச் சொன்னேன். வட்டத்தில் பேச்சு வரும் என்பது நான் வகுப்பில் அடித்துச் சொல்வது. வந்தது. தச்சுவேலை செய்த பெரியவர் ஒருவர் சிரித்தேவிட்டார். அந்த அம்மா முகத்தில் ஈயாடவில்லை. நல்லா வேணும்.

ஜூலை 22
காப்பாளர் போனில் கத்தினார். அந்தத் தச்சுவேலைப் பெரியவரை அங்கே விட்டுவிட்டுச் சண்டை போட்டுப் போன மகள், இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவள், இன்று வந்திருக்கிறாள். அவர் என் மாணவர்களின் வட்டத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரல, திரும்பிக்கூடப் பாக்கல" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.
"வந்த நாள்லேருந்து அந்த மனுஷன் வாசலையே பாத்துட்டு இருந்தாரும்மா! யாரைக் கேட்டு நாற்காலியத் திருப்பினீங்க?"
எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?
கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத்தானே சொல்லித்தருகிறேன் — சீ.

ஜூலை 23
வகுப்பில், நேற்று இல்லத்துக்குப் போயிருந்த வாயாடிப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், வட்டம் யாருக்கு வசதி?" என்றாள். வெளியே போ என்றேன்.

ஆகஸ்ட் 5
மகள் போனை எடுப்பதில்லை. வாயாடி அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறாள்; கதவைச் சாத்திவிட்டாளாம். "திருப்பச் சொன்னது நீங்க. நீங்க போய்ச் சொல்லுங்க மேடம்." திமிர். போனேன். மூடிய கதவிடம் சொன்னேன்: "திருப்பினது நான்தாங்க. அவர் உங்களைப் பாக்கவே இல்ல." உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

நவம்பர் 11
சேவைவழிக் கல்வியின் பயன் பற்றி விழாவில் பேசுங்கள் என்கிறார் துறைத்தலைவர். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.
பருவம் முடிந்துவிட்டது, இனி யாரும் இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை. மாலை போனேன். காப்பாளர் வா என்றுகூடச் சொல்லாமல் துடைப்பத்தை நீட்டினார். பெருக்கி முடித்து, மறுபடி வாசலைப் பார்த்துப் போட்டிருந்த வரிசையில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட் திறந்தது. காஸ் சிலிண்டர்காரர்.
"அவ இல்ல" என்றார் பெரியவர், என்னைப் பார்க்காமலே. நானும் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.