நடு வீட்டில் ஒரு கிளாஸ் பழ பீர்

மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க ஆப்பிள் வாசம். பீர் என்றால் நாற வேண்டாமா? எனக்கு உடனே உன் மூக்குதான் நினைவுக்கு வந்தது.

கே.கே. நகரில் நாம் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் உருண்டு கிடக்கும் காலிப் பாட்டில்களை நாம்தான் பொறுக்குவோம். ஒருநாள் நீ ஒன்றை மோந்து பார்த்து, "புளிச்ச கஞ்சி மாதிரில்ல இருக்கு! இதுக்காடி இம்புட்டு ஆட்டம்?" என்று முகத்தைச் சுளித்தாய். சுளித்த கையோடு இன்னொரு தடவையும் மோந்து பார்த்தாயே, கள்ளி!

சனிக்கிழமை சாயங்காலமானால் நம் வீட்டுக்காரர்கள் இருவரும் மாடியேறிவிடுவார்கள். நமக்கு அடுப்படி. ஈரல் வறுவல், முட்டைப் பொரியல், மறுபடியும் முட்டைப் பொரியல். வேர்த்து ஒழுக நின்றுகொண்டு நீ சொல்வாய்: "ஒருநாள் நம்ம உக்காந்து குடிக்கணும்டி, அவுக வறுக்கணும். ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல, நடு வீட்டுல." நான் பயந்துபோய் உன் வாயைப் பொத்துவேன். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரிப்போம். அதற்குள் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வாரம் மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தாள், கூடவே இந்தப் பழ பீரும். "ரொம்ப லைட்டும்மா, சும்மா குடிச்சுப் பாரு" என்றாள். சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, ஃபேனுக்கு நேரே சோபாவில் சாய்ந்தேன். முதல் வாய் நாக்கில் சுருசுருவென்று ஏறியது. அப்புறம் இனிப்பு. கடைசியில் வெந்தயம் கடித்தது போல லேசான கசப்பு. அம்புட்டுதான். தலையும் சுற்றவில்லை, குடியும் முழுகவில்லை.

அப்போதுதான் வாசலில் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சத்தம். கை தானாகவே கிளாஸைச் சோபாவுக்குப் பின்னால் கொண்டுபோனது. பாழாய்ப்போன பழக்கம். இப்போது ஒளித்தால் நீ ஆசைப்பட்டதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும் என்று தோன்றியது. கிளாஸை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன அது?" என்றார் உள்ளே வந்தவர்.

"பீரு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இம்புட்டு வருசமா உங்களுக்கு வறுத்துக் கொட்டுனேன்ல, இன்னைக்கு நீங்க வறுங்க. முட்டை ஃப்ரிட்ஜுல இருக்கு." ஒருவழியாக முழுசாகச் சொல்லிவிட்டேன்.

கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படிக்குள் போனார். "ஏ, எண்ணெயை எங்க வச்சிருக்க?" என்று குரல் வந்தது. ஜெயிச்சுட்டோம்டி!

முட்டை கருகித்தான் வந்தது, உப்பும் கூடுதல். ஒரு துண்டு விடாமல் தின்றேன். அம்புட்டு ருசி.

நீ இருந்த காலத்தில் உன் துணிச்சல் என்மேல் ஒட்டவே இல்லை. இப்போது வாயைத் திறந்தால் நீதான் பேசுகிறாய். உன்னில் என்னிடம் மிச்சமிருப்பது அதுதான், யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். வருகிற சனிக்கிழமை உன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன், வெங்காயம் நறுக்க.