ஒட்டு விட்ட மாடி

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரி மாடி ஒழுகிய கதையைச் சித்தப்பா உனக்குப் போனில் சொல்லிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன், கேள். மழைத் தண்ணீர் இறங்காமல் மாடியில் விரிக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டைப் போடும் வேலையை எடுத்தது சித்தப்பாதான், ஒட்டியது அப்பா. ஒரு ஷீட்டின் ஓரத்தை இன்னொன்றின்மேல் ஏற்றி, நடுவே சூடான காற்றை ஊதி, இளகும்போதே உருளையால் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிரித்து இழுத்தால் ஷீட் கிழியலாம், ஒட்டு விடக்கூடாது, அதுதான் அப்பாவின் கணக்கு. சித்தப்பா கொண்டுவந்து இறக்கியதோ ஒரு வருஷமாக வெயிலில் கிடந்து புழுதி ஏறிய பழைய சுருள்கள். அழுக்கெடுக்கும் மருந்து போட்டுத் துடைக்காமல் ஒட்டு பிடிக்காது என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். பாதி துடைத்ததும் மருந்து தீர்ந்துபோனது. வாங்கித் தரச் சொன்னதற்கு, "மழை வருதுண்ணா, துடைச்சுக்கிட்டு நின்னா என்னிக்கு முடிக்கிறது, ஊதிக்கிட்டே போங்க" என்றார் சித்தப்பா. தம்பி சொல்லைத் தட்டத் தெரியாத மனுஷன், ஊதினார். அது அவர் தப்புதான், நான் மறைக்கவில்லை. முதல் மழையிலேயே குழந்தைகள் வார்டில் தண்ணீர் கொட்டி, பச்சைக் குழந்தைகளைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி இன்ஜினியர் வைத்த விசாரணையில் எல்லோர் முன்னாலும், "அண்ணனுக்குக் கை நடுங்குது, பாவம்னு வேலை குடுத்தேன்" என்றார் சித்தப்பா. கூடப் பிறந்தவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் உன் செய்தி வந்தது. வயதாகிவிட்டது, மானம் போகிறது, வேலையை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மறுநாள் காற்று ஊதும் மிஷினைத் துடைத்து எடுத்துப்போய் இன்னொரு மேஸ்திரியிடம் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தார்.

நான் விடவில்லை. ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கழற்றிப் போட்டிருந்த ஷீட்டில், துடைத்த பக்கத்து ஒட்டில் ஒரு துண்டும் துடைக்காத பக்கத்து ஒட்டில் ஒரு துண்டும் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு அந்த இன்ஜினியர் மேஜைக்கே போனேன். பிரிச்சுப் பாருங்கய்யா என்றேன். துடைக்காதது வாழைப்பழத் தோல் போல உரிந்தது. மற்றதை அவர் குறடு வைத்து இழுத்தார், ஷீட்தான் கிழிந்தது, ஒட்டு அசையவில்லை. "ரெண்டும் ஒரே கைதானாம்மா?" என்று கேட்டார். "ஒரே கைதான்யா, பாதியைத் துடைக்க விடல" என்றேன். அவர் உண்மையை அப்படியே எழுதி, அண்ணன் வந்தால்தான் மறுவேலை என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்.

நேற்று சித்தப்பா வாசலில் வந்து நின்றார். மன்னிச்சிடுங்கண்ணா, வந்து முடிச்சுக் குடுங்க என்று கெஞ்சினார். அப்பா கோபப்படவில்லை. "என் பையனே விட்டுடச் சொல்லிட்டான், அப்புறம் என்னப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

தம்பி பழி போட்டதைத் தாங்கினாரடா. நீ அதை நம்பினதைத்தான் தாங்கவில்லை.

குழந்தைக்குச் சளி என்றாயே, தலையை ஈரமாக விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவைக் கூப்பிட்டால் உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே. தப்பாச் சொல்லிட்டேன்ப்பா என்று சொல். அதற்கு வாய் வராவிட்டால் கூப்பிடவே வேண்டாம்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா