ஓரமாக ஒரு ஆள்

வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே காடெல்லாம் பாசியும் பனிமூட்டமும்தான். அறையில் துணிகூடக் காய்வதில்லை. நான் எடுத்த படங்களைப் பார்த்த காலண்டர் முதலாளி, "எல்லாம் ஒரே பச்சையா இருக்கேப்பா, கண்ணு எங்க போய் நிக்கும்? ஓரமா ஒரு ஆளை நிறுத்து" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஈ காக்கை இல்லாத இடத்தில் ஆளுக்கு எங்கே போவேன்? கேமராவில் டைமர் வைத்துவிட்டு நானே ஓடினேன். பாசி காலை வாரிவிட்டது. படத்தில் என் செருப்பு மட்டும் அழகாக விழுந்திருக்கிறது. முட்டியில் வெறும் சிராய்ப்புதான், பயப்படாதே.

உன் பழைய சிவப்புப் புடவையை அனுப்பு. பட்ட மரத்தில் சுற்றிவிட்டால், தூரத்திலிருந்து பார்க்க யாரோ நிற்கிற மாதிரி இருக்கும்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. புடவையைத் துவைக்க வேண்டாம், கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு. படத்துக்குத்தான்.

உன் வீட்டுக்காரன்