சூப்பான் மரமும் டோகேவும்

ஆகஸ்ட் 22, வியாழன். எஸ்பியெர்.

கப்பலிலிருந்து இறங்கி நேரே வீடு. இரண்டு வாரம் கடலில் காற்றாலை பழுதுபார்ப்பு, இரண்டு வாரம் தரை. கதவைத் திறந்ததும் விக்கா சோபாவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள். வாயில் ரப்பர் சூப்பான், அதற்கு மேலே இரண்டு கண். மின் மீட்டர் பார்க்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அப்பா வந்தாச்சு பாரு," என்றாள் கிர்ஸ்டின்.

விக்கா மேசையில் இருந்த கைபேசியைக் காட்டி, "அப்பா," என்றாள். அவளுக்கு இரண்டு வயது. அவள் கணக்கில் நான் கைபேசிக்குள் குடியிருக்கும் ஆள்.

ஒவ்வொரு முறையும் பழக நாள் ஆகிறது. இந்த முறை அதற்கும் நேரமில்லை. சனிக்கிழமை கோபன்ஹேகன். கிர்ஸ்டினுக்கு அங்கே ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் நேர்காணல். தங்குவது அவளோடு படித்த டோகே என்பவன் வீட்டில். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறானாம். ஒரு வாரம்! ஹோட்டல் போட்டால் என்ன?

ஆகஸ்ட் 24, சனி. கோபன்ஹேகன்.

ரயிலில் குழந்தைகள் பெட்டி. பிள்ளைகளின் கூச்சலில் என் தலைக்குள் ஒரு கியர்பாக்ஸ் பல் உடைந்த மாதிரி. கடல் பாலம் வந்தபோது விக்காவைத் தூக்கி ஜன்னலில் காட்டினேன். "அம்மாட்ட" என்றாள். கொடுத்துவிட்டேன்.

டோகே ஸ்டேஷனுக்கே வந்திருந்தான், முன்னால் பெட்டி வைத்த சைக்கிளோடு. ஒல்லி, தாடி, குரலை உயர்த்தவே தெரியாத ஆள். விக்காவை வா என்றுகூடச் சொல்லவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோல் நடித்தான். இவளே போய் எட்டிப்பார்த்தாள். அடுத்த நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தாள், ராணி மாதிரி.

நானும் கிர்ஸ்டினும் பெட்டியோடு பெட்டியாகப் பின்னால் நடந்தோம்.

"பாத்தியா, எவ்வளவு ஈசியா போயிட்டா!" கிர்ஸ்டினுக்கு ஒரே சந்தோஷம்.

பார்த்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு.

வீட்டில் கறுப்பு ரொட்டியின் ஓரத்தைத் தொடமாட்டாள். இங்கே டோகே தன் ரொட்டி ஓரத்தில் ஈரல் பேஸ்ட் தடவித் தின்றான், இவளும் தின்றாள். அவன் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் அவன் தொழில் ரகசியம் போலிருக்கிறது. எனக்கு வராது. எதையாவது திருகாமல், இறுக்காமல் என்னால் இருக்க முடியாது.

மதியம் மெட்ரோ. ஓட்டுநர் இல்லாத ரயில், முன் கண்ணாடி ஓரம் இடம் பிடித்தேன். இது என் துறை. சிக்னல் எப்படி வருகிறது, கதவு எப்படித் தெரிந்துகொண்டு நிற்கிறது, எல்லாம் அவளுக்குச் சொன்னேன். சுரங்கத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசியில் கேட்டாள்:

"டோகே ஓட்டுறானா?"

ஆகஸ்ட் 26, திங்கள்.

காலையில் டோகே வேலைக்குக் கிளம்பியதும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கப்பலுக்குக் கிளம்பும்போது கை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்.

இன்று தெரிந்துகொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கிர்ஸ்டினும் டோகேவும் பாத்திரம் துடைத்தபடி ஏதோ பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "போடா, நீதான் கூடாரத்தை ஏரிக்குள்ள அடிச்சே!" என்று அவள் துணியால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். எந்தக் கூடாரம்? எந்த ஏரி?

அறைக்கு வந்ததும் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும்..."

"ஆமா, ஒரு மூணு மாசம். முதல் வருஷம் படிக்கறப்ப. சொல்லலையா உன்கிட்ட?"

சொல்லவில்லை.

"அய்யோ பியார்கே, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. கூடாரம்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன் அவன்."

நான் நன்றாக அடிப்பேன். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

விஷயம் இதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை எல்லோருமாக ஃபிரெடெரிக்ஸ்பெர்க் தோட்டத்துச் சூப்பான் மரத்துக்குப் போவதாகத் திட்டம். நேரம் வந்துவிட்டது, விக்கா சூப்பானை விடவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான்: ரிப்பனில் கட்டித் தன் கையாலேயே கிளையில் தொங்கவிட்டு, மரத்துக்கு டாட்டா சொல்லிவிட்டு வருவது. டோகே பன் சுடுகிறானாம். ரிப்பன் வாங்கிவிட்டானாம், மஞ்சளில். காப்பகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரை இப்படிக் கூட்டிப்போயிருக்கிறானாம்.

அவளைத் தூக்கிப்பிடிக்கப்போவது யார்? அவன்தான். போட்டோவில் இருக்கப்போவது? அவன்தான். நான் பன் தின்றுகொண்டு நிற்பேன்.

ஆகஸ்ட் 28, புதன்.

முடித்துவிட்டேன். நானும் விக்காவும் மட்டும். டோகே வேலையில், கிர்ஸ்டின் நூலகத்தில் நேர்காணலுக்குப் படிக்கிறாள். தள்ளுவண்டியோடு பஸ் பிடித்தேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. குளத்தோரம் நாரைகள் கிழவர்கள் மாதிரி நின்றன. விக்கா ஒன்றின் பின்னால் போனாள், நான் அவள் பின்னால் போனேன். மரத்தின் கீழ்க்கிளைகளில் இடமே இல்லை. மழையில் வெளுத்த ரிப்பன்கள், நூற்றுக்கணக்கில் சூப்பான்கள். அவளைத் தோளில் ஏற்றினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்! ரிப்பன் டோகேவிடம். என் ஜாக்கெட்டில் எப்போதும் கேபிள் டை இருக்கும், வயர் கட்டும் பிளாஸ்டிக் நாடா; இழுத்தால் இறுகும், திரும்ப அவிழாது. காற்றுக்கு ரிப்பன் எத்தனை நாள் தாங்கும்? இது தாங்கும். வளையத்தில் கோத்துக் கிளையைச் சுற்றிக் கொடுத்தேன். வாலை அவளே இழுத்தாள். சர்ர்ரென்று சத்தம். சிரித்தாள்.

"இன்னொண்ணு!"

இந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம். அந்தச் சூப்பானுக்கு இன்னொரு டை போட்டேன். பிறகு இன்னொன்று. போட்டோ எடுத்துக் கிர்ஸ்டினுக்கு அனுப்பினேன். டோகேவுக்கும் அனுப்பினேன். (அவனுக்கு எதற்கு?)

பிறகு கையை நீட்டினாள். "தா."

"அது மரத்துக்குக் கொடுத்தாச்சே."

"தா!"

அப்புறம் அவள் போட்ட கத்தலில் நாரை பறந்துவிட்டது. இதுவரை கேட்டதில்லை அப்படி. ஒரு நிமிடம் தாங்கினேன். அப்புறம் நானே அறுத்தெடுக்கப் பார்த்தேன். கட்டர் எஸ்பியெரில், கருவிப் பையில். பல்லால் கடித்தேன். சொந்தக் கையால் மூன்று டை போட்டு இறுக்கினது, அசையுமா? நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, மரத்துக்குக் கொடுத்ததத் திருடறியா?"

"என் பிள்ளையோடதுங்க."

"இருந்தது. இப்ப மரத்தோடது."

எங்களைத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத ஊரில், பஸ் முழுக்க அவள் அழ, எல்லோரும் என்னையே பார்க்க —

வீட்டில்.

"ரிப்பன் எங்க?" இதுதான் கிர்ஸ்டினின் முதல் கேள்வி.

"கேபிள் டை."

"கேபிள் டையா! பிள்ளையோட சூப்பான் அது பியார்கே, ஜெனரேட்டர் வயர் இல்ல. சனிக்கிழமைன்னுதான பேசினோம்?"

"இன்னிக்கு வெயில் அடிச்சது."

"பொய் சொல்லாத. அவளுக்காகப் போனியா, இவனை முந்தணும்னு போனியா?"

இவன் அடுப்படியில்தான் நின்றான். அவன் திரும்பி, "போட்டோ நல்லா வந்திருந்தது," என்றான். கிண்டலே இல்லை. நிஜமாகத்தான் சொன்னான். அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

கடையில் புதுச் சூப்பான் வாங்கிவிடலாம் என்றேன். "மரத்துக்குக் கொடுத்துட்டு அன்னிக்கே புதுசு வாங்கித் தந்தா, அவ என்ன நினைப்பா?" என்றாள் கிர்ஸ்டின். சரிதான்.

ஆகஸ்ட் 29, வியாழன்.

"அப்பா போ." காலையில், மதியத்தில், குளியலறையில். இப்போது கைபேசியைக் காட்டுவதில்லை. என்னைப் பார்த்தே சொல்கிறாள். இது முன்னேற்றமா?

டோகே தரையில் படுத்துக் கட்டைகளை அடுக்கினான். அவன் வயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அவன் வீட்டுக் குழாயின் ஒழுகலைச் சரிசெய்தேன். யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி.

நேர்காணல் நாள். வீட்டில் நானும் அவளும்தான். மதியத் தூக்கத்துக்கு வழக்கம்போல வண்டியில் போட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனேன். தூறல். கூரையை இழுத்துவிட்டேன். சூப்பான் இல்லாமல் தூங்கமாட்டேன் என்று வண்டியை உதைத்தாள். முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளினேன். மேல்மாடி ஜன்னல் ஒன்று அடித்துச் சாத்தப்பட்டது. கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. யார்மேல் கோபம்? இந்தச் சின்ன உருப்படிமேலா? மடத்தனம்.

வண்டியின் பட்டையைச் சரியாக மாட்டலாம் என்று குனிந்தேன். என் வேலை ஜாக்கெட்டின் ஜிப்பில் கையுறையோடு இழுக்க நீளமாக ஒரு வார் உண்டு. எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கிரீஸ் வாடை அடித்திருக்கும். முகம் சுளித்தாள், விடவில்லை. உறிஞ்சினாள். அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது.

நான் குனிந்தபடியே நின்றேன். நிமிர்ந்தால் வார் வெளியே வரும்.

மூச்சு என் முகத்தில் பட்டது. இத்தனை கிட்டத்தில், இத்தனை நேரம் அவளைப் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு சின்ன வடு. எப்போது விழுந்தாள்? நான் அப்போது கடலில் இருந்திருப்பேன்.

சைக்கிள் சத்தம்.

"என்னய்யா பண்றே?" டோகே.

"மெதுவா பேசு."

"ஜாக்கெட்டக் கழட்டிடேன்."

"அசைஞ்சா முழிச்சுக்குவா."

"முதுகு போயிடும்யா."

"போனா போகட்டும்."

சத்தமில்லாமல் சிரித்தான். படியில் உட்கார்ந்தான் போலிருக்கிறது. எனக்கு அவன் செருப்பும் சைக்கிள் சக்கரமும்தான் தெரிந்தன.

"காப்பகத்துல சாயங்காலமானா பிள்ளைங்கள ஒவ்வொண்ணா திருப்பிக் கொடுத்துடணும்," என்றான், யாரும் கேட்காமலே. "வாசல்ல அப்பனோ அம்மாவோ தலையக் காட்டினா போதும், என் கழுத்த விட்டுட்டு ஓடிடும். டாட்டாகூடச் சொல்லாது. இவ மட்டும்தான் ராத்திரியும் வீட்டுலயே இருந்தா, ஒரு வாரம்."

முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பன் இருக்கா?" என்றேன்.

"நாளைக்குச் சுடறேன்."

முழித்ததும் வாரை வெளியே எடுத்துப் பார்த்தாள். "ஈரம்," என்றாள். போ என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, சனி.

மழை. மரம் ரத்து. பன் மட்டும். மஞ்சள் ரிப்பனை விக்கா என் காதில் கட்டினாள், பிறகு டோகே காதில். அவன் காதில் அதிக நேரம் இருந்தது. கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு. ரயிலில்.

ஸ்டேஷனில் டோகே கட்டிக்கொண்டான். என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விக்கா தூங்குவது கிர்ஸ்டின் மடியில்.

செப்டம்பர் 4, புதன். எஸ்பியெர்.

கிர்ஸ்டினுக்கு வேலை கிடைத்துவிட்டது.

"நாங்க அங்க, நீ கடல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஊரைத் தாண்டி ஊர் வருவியா?"

"கடலை விட்டுடறேன்."

"நிஜமாவா?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க டோகே பக்கத்துல இருக்கான்னுதானா?"

"ஆமா."

அப்படி ஒரேயடியாக ஒத்துக்கொள்வேன் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அது மட்டும்தானா?" என்றாள். அது மட்டுமில்லை என்று அவளுக்கே தெரியும்.

அக்டோபர் 21, திங்கள். கோபன்ஹேகன்.

புது வேலை, லிஃப்ட் பராமரிப்பு. காற்று இல்லை, உயரம் இல்லை, நாள் முழுக்க மாடிவீட்டுக்காரர்களின் புலம்பல். போரடிக்கிறது. நாலு மணிக்கு விக்காவை அழைத்துவர நான்தான் போகிறேன்.

டோகேவின் காப்பகத்தில் இடம் இருந்தது. நான் வேறொன்றைப் பிடித்தேன். தூரம் என்று கிர்ஸ்டினிடம் சொன்னேன். இரண்டும் ஒரே தூரம்தான்.

நவம்பர் 23, சனி.

பூங்காவில் டோகேவும் வந்திருந்தான். விக்கா அவன் மடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள், நான் சறுக்குமரத்தின் பக்கத்தில் நின்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னமும் இப்படித்தான். மாறவில்லை நான்.

யாருடைய பையனோ, இவள் வயதுதான், சறுக்கி வந்து முகம் குப்புற மணலில் விழுந்தான். அவன் அம்மா தூரத்தில் இருந்தாள். தூக்கினேன். மணலைத் தட்டிவிட்டேன். என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான்.

அங்கேயிருந்து ஒரு கத்தல். பன் தரையில், தொப்பி வழியில். கனத்த பூட்ஸோடு விக்கா உருண்டு வருகிற மாதிரி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் என் கையிலிருந்தவனின் காலைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்கு! என் அப்பா!"

பையன் பயந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, இவள் அவன் பூட்ஸைக் கழற்றியே எறிந்துவிட்டாள். அவன் அம்மா வந்தாள். மன்னிப்புக் கேட்டேன், பூட்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். விக்காவிடம் அப்படிச் செய்யக்கூடாது என்று சொன்னேன். கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை.

பெஞ்சில் டோகே, மடியில் ரொட்டித் துணுக்குகளோடு தனியாக உட்கார்ந்திருந்தான். கை காலியாக இருந்தது. அவனுக்கு ஒரு காபி வாங்கிவரக் கிளம்பினேன். விக்கா என் காலைக் கட்டிக்கொண்டு பூட்ஸ்மேல் உட்கார்ந்துவிட்டாள், இறங்கமாட்டேன் என்கிறாள். அப்படியே, ஒரு காலை இழுத்து இழுத்து, கடைவரைக்கும் போனேன்.