பாய்லர் அறையில் இட்லி மாவு

நேற்று சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து ஒரு செருப்புப் பெட்டி தபாலில் வந்தது. நீ வேலை பார்த்த கல்லூரியில் உன் அறையைக் காலி செய்தவர்கள், பெட்டியின் மேல் நீயே என் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே சிவப்புப் பிளாஸ்டிக் விளிம்பு போட்ட என் பொட்டுக் கண்ணாடி. அதைச் சுற்றி ஒரு துணி. பச்சைச் சுங்குடி, ஓரமெல்லாம் கரி. முகர்ந்து பார்த்தேன். புகை வாசனை இன்னும் போகவில்லை, அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டதோ என்னவோ. பெட்டியருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட இந்தத் துணியைப் பற்றி நீ வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தக் குப்பையிலோ போட்டிருப்பாய் என்று நம்பி ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன், பார்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் இந்தக் கீழ்வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் குளிர்காலம் அது. மேல்வீடு காலி. குழந்தை மாலாவுக்கு ஏழு மாதம். எனக்கு அப்போது இருந்த பெரிய கவலை, இட்லி மாவு பொங்கவில்லை என்பதுதான். கம்பளி சுற்றினேன், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பேஸ்மென்டில், வீடு முழுவதற்கும் சூடு தரும் பாய்லர் இருந்த சின்ன அறை கதகதப்பாக இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தால், சுவரில் கம்பிவலை போட்ட ஓர் ஓட்டை, அது வழியாகப் பனிக்காற்று நேரே மாவுப் பாத்திரத்தின் மேல் அடிக்கிறது. கட்டினவனுக்கு மூளையே கிடையாதா என்று திட்டிக்கொண்டே பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து அதில் திணித்தேன். பாத்திரத்தை அதை ஒட்டி வைத்துக் கதவையும் இறுகச் சாத்தினேன். மறுநாள் மாவு பொங்கி வழிந்தது. உனக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வாரமே பாய்லர் அணைய ஆரம்பித்தது. உள்ளே எப்போதும் எரிய வேண்டிய சின்னச் சுடர் ஒன்று உண்டு, பைலட் என்பார்கள். அதிலிருந்துதான் பெரிய பர்னர் பற்றிக்கொள்ளும். அது அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிடும். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுவார். பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே நின்று பார்ப்பார், ஜோராக எரியும். கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தால் இரண்டு மணி நேரத்தில் ரேடியேட்டர் ஜில்லிட்டுப் போகும்.

"நான் நின்னாத்தான் எரியுமாம்" என்று சிரித்தார்.

"கம்பெனி ஆளைக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"என்ஜினீயர் வீட்டுக்கு மெக்கானிக்கா? நாலு பேர் சிரிப்பாங்க."

ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். சுடரின் சூட்டை உணரும் செப்புக் குச்சியை வாங்கி மாற்றினார். கடைசியில் ஒரு திருகைத் திருப்பிச் சுடரையே பெரிதாக்கினார். அதன் பிறகு அணையவில்லை. நான் பாயசம் வைத்தேன்.

சரியாகிவிட்டது என்று நம்பி மூன்று நாள் இருந்தோம். காலையில் எழுந்தால் இருவருக்கும் தலைவலி. அவர் ஆபீஸைக் குறை சொன்னார், நான் குளிரைச் சொன்னேன். மாலாவின் தொட்டில் பாய்லருக்கு நேர் மேலே இருந்த அறையில், வீட்டிலேயே சூடான இடம் அதுதான். அதுவரை இரண்டு மணிக்கொரு தரம் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தவள் தூங்கினாள். பால் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் தூங்கினாள். வீடு ராசியான வீடு என்று நான் ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ இட்லி சாப்பிட வந்தாய். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடி, ஜன்னல் பூரா தண்ணியா வழியுது?"

"சமையல் ஆவிடி."

"நீ இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே. தலை வலிக்குதா உனக்கு?"

"கொஞ்சம்."

"சாருக்கு?"

"அவருக்கும்தான். ஏன்?"

"குழந்தை எங்க?"

"சமர்த்தா தூங்குது. எழுப்பிடாதடி."

நீ அதற்குள் உள்ளே போயிருந்தாய். மாலாவைத் தூக்கியபோது அவள் தலை உன் கையில் தொய்ந்து விழுந்தது. கன்னம் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. "இது தூக்கம் இல்லடி" என்றாய். அந்தக் குரலை நான் மறக்கவே போவதில்லை. கதவைத் திறந்து, உன் கோட்டுக்குள் அவளைச் சுருட்டிக்கொண்டு பனியில் நின்று முதுகைத் தட்டினாய். "பாய்லரை அணைங்க சார்" என்று நீ கத்த, அவர் அதை அணைத்துவிட்டு டாக்சிக்கு ஓடினார். டாக்சியில் பாதி வழியில் அவள் முனகினாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவளுக்குத் துணி எடுக்க மூவரும் வீட்டுக்கு வந்தோம். வீடு ஐஸாகக் கிடந்தது. இவர் தீப்பெட்டியோடு கீழே இறங்கினார்.

"சார், தீப்பெட்டியைக் கீழ வைங்க" என்றாய். "திரும்பத் திரும்ப அணைஞ்சுதுன்னா அது ஏதோ சொல்லியிருக்கு. நீங்க அதோட வாயை அடைச்சிட்டீங்க. எங்க காலேஜ்ல செடி வளர்க்கற கண்ணாடி வீட்டுல குளிருக்கு எல்லா விரிசலையும் பிளாஸ்டிக் ஒட்டி அடைச்சோம். ஹீட்டருக்குக் காத்து இல்ல. தக்காளிச் செடி அத்தனையும் சுருண்டு போச்சு, வேலை பார்த்தவங்களுக்கு ஒரே தலைவலி."

என் கைப்பையிலிருந்து பொட்டுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாய். பாய்லரைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தி, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் கண்ணாடியைப் பிடித்தாய். உடனே ஆவி படிந்து முகம் மறைந்தது. வெளியே போக வேண்டிய புகை உள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, "சார், மேல ஜன்னலெல்லாம் திறந்திருக்கான்னு பாருங்க" என்று அவரை அனுப்பினாய். பிறகு மாவுப் பாத்திரத்தை நகர்த்தினாய்.

துணியை உருவியதும் குபுகுபுவென்று காற்று வந்தது. மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்த பர்னர் நீலமாக நின்றது. கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பிடித்தாய். ஒன்றும் படியவில்லை. என்னைப் பார்த்தாய். துணியைச் சுருட்டி உன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாய். அவர் இறங்கி வந்ததும், "வெளிய பனி மூடி ஓட்டை அடைஞ்சிருந்தது சார்" என்றாய். படியில் என் காதருகே, "சொல்லணும்னு உனக்குத் தோணறப்ப சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றாய்.

அதற்கப்புறம் இந்த ஊரில் நம் ஜனங்கள் யார் வீட்டுக்குப் போனாலும், "காபி அப்புறம், பாய்லர் எங்க?" என்று கண்ணாடியோடு நேரே கீழே இறங்கிவிடுவாய். பாய்லர் மாமி என்று உனக்குப் பெயரே வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரரோ இத்தனை வருஷமாகப் பனி விழுந்ததும் வாசலைக்கூட விட்டுவிட்டு அந்த ஓட்டையின் முன்னால் போய்த்தான் முதலில் வாருகிறார். ஜன்னலில் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் செத்துப் பிழைப்பேன்.

மாலா இப்போது பள்ளிக்கூடம் போய்ப் பிரெஞ்சில் சண்டை போடுகிறாள். அவள் தம்பிக்கு ஆறு மாதம். அவன் அதிக நேரம் தூங்கினால் எனக்குப் பொறுக்காது, போய் எழுப்பிவிடுவேன். "விடேன், தூங்கட்டும்" என்று இவர் அலுத்துக்கொள்வார். நேற்று சாயங்காலமும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். உன் பெட்டியில் வந்த கண்ணாடியை அவன் மூக்கருகே பிடித்தேன். அன்று அதில் ஆவி படிந்ததும் நடுங்கினேன். நேற்று படியும்வரை நடுங்கினேன்.

திரும்பினால் இவர் அந்தத் துணியோடு நிற்கிறார். "இது உன் சுங்குடிப் புடவையாச்சே. அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

சொல்லிவிட்டேன். மாவு, ஓட்டை, பனி என்று நீ சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அவர் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனார். மேலே வந்து, "காத்து வருது" என்றார், அவ்வளவுதான். பிறகு தொட்டிலண்டை போய்த் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வாரித் தூக்கினார். அது திடுக்கிட்டு விழித்து வீறிட்டு அழுதது. சமாதானப்படுத்த நான் கையை நீட்டினேன்.

"அழட்டும்" என்றார்.